வீட்டுக்குப் பின்னாடி பைக் டிரெய்ல் வருதா? சண்டைக்குப் போறதுக்கு முன்னாடி பத்திரத்தைப் பாருங்க

அமெரிக்கால சபர்ப்ல வீடு வாங்கி உக்காந்திருக்கிற நம்மாளுங்களுக்காக எழுதறேன். நான் வக்கீல் இல்ல, பட்டுத் தெரிஞ்சுக்கிட்டவன், அவ்ளோதான்.

எங்க வீட்டுக்குப் பின்னாடி ஒரு பழைய ரயில்வே லைன். தண்டவாளத்தை எப்பவோ பிடுங்கிட்டாங்க, கருங்கல் ஜல்லியும் புதரும்தான் மிச்சம். வேலி கிடையாது, புல்லு முடிஞ்சு புதர் ஆரம்பிக்கிற இடம் எல்லைன்னு நாங்களா நெனச்சுக்கிட்டோம். அம்மா ஊர்ல இருந்து ஆறு மாசத்துக்கு வந்திருந்தாங்க, சும்மா கெடக்கிற மண்ணைப் பார்த்தா அவங்களுக்குக் கை நிக்காது, வந்த மறுவாரமே நாலு கம்பு நட்டு புடலங்காய்ப் பந்தல் போட்டுட்டாங்க. ஆகஸ்ட்ல ஒரு காலைல காபியோட வெளிய வந்து பார்க்கிறேன், பந்தலுக்கும் வீட்டுக்கும் நடுவுல ஒரு மரக்குச்சி அடிச்சு ரோஸ் கலர் பிளாஸ்டிக் ரிப்பன் கட்டியிருக்கு. குச்சி எங்க டெக்ல இருந்து இருபது அடிகூட இல்ல, பந்தல் மொத்தமும் குச்சிக்கு அந்தப் பக்கம். சர்வேயர் வந்துட்டுப் போயிருக்கார். அந்த லைன்ல பைக் டிரெய்ல், அதாவது சைக்கிள் ஓட்டவும் நடக்கவும் ஒரு பொதுப் பாதை, வரப்போகுதுன்னு எங்களுக்குத் தெரிஞ்சதே அப்பதான்.

இதுல வேடிக்கை என்னன்னா நான் வாரா வாரம் சைக்கிள் ஓட்டுறவன், காரை எடுத்துக்கிட்டு இருபது மைல் போய் அடுத்தவன் வீட்டுக்குப் பின்னாடி இருக்கிற டிரெய்ல்ல ஓட்டிட்டு வர்றவன். நம்ம வீட்டுக்குப் பின்னாடி வருதுன்னதும் வயித்தைக் கலக்குச்சு பாருங்க, அதை மறைக்கல. ஆனா கலங்கிக் கத்துறதுல ஒரு பைசா பிரயோஜனம் இல்ல, முதல்ல தெரிஞ்சுக்க வேண்டியது ஒண்ணே ஒண்ணு: அந்த நிலம் யாருது, அதுல போற உரிமை யாருது. இது ரெண்டும் வேற வேற.

நம்மூர் பத்திரத்துல "வழிநடைப் பாத்தியம்"னு எழுதுவாங்கல்ல, நிலம் ஒருத்தர் பேர்ல இருக்கும், அது வழியா நடக்கவும் வண்டி ஓட்டவும் இன்னொருத்தருக்குப் பாத்தியம் இருக்கும். இங்க அதுக்குப் பேரு ஈஸ்மெண்ட். நிலத்தையே முழுசா வாங்கிட்டா அது ஃபீ சிம்பிள். நூறு நூத்தம்பது வருஷம் முன்னாடி ரயில்வே கம்பெனிங்க லைன் போட்டப்போ சில இடத்துல நிலத்தை முழுசா வாங்கினாங்க, சில இடத்துல வெறும் பாத்தியம் மட்டும் வாங்கினாங்க, ஒரே லைன்ல அரை மைலுக்குள்ளயே ரெண்டும் மாறி மாறி இருக்கும். பாத்தியம் மட்டும்தான்னா, ரயில் ஓட்டறதை நிரந்தரமா விட்டதும் அது அத்துப்போய் நிலம் பழையபடி ஓனர்கிட்ட திரும்பணும். முழுசா வாங்கினதுன்னா நமக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல, புதருக்குத் தண்ணி ஊத்தி வளர்த்தாலும் சரி.

அதனால முதல் வேலை, கவுண்டி ரெக்கார்டர் ஆபீஸ். உங்க டீட் (பத்திரம்) மட்டும் பத்தாது, அந்தக் காலத்துல ரயில்வேக்கு எழுதிக் கொடுத்த ஒரிஜினல் டீட் வேணும், எங்களுது கையெழுத்துல எழுதினது, மைக்ரோஃபிலிம்ல இருந்துச்சு, அந்த "எஸ்"ஸும் "எஃப்"ம் பிரிச்சுப் படிக்கவே ஒரு மத்தியானம் போச்சு. எதைப் பார்க்கணும்னா, என்ன கொடுத்தாங்கங்கிற வரி. "நிலம்"னு எழுதி விலையும் உருப்படியா இருந்தா பெரும்பாலும் முழு விற்பனை. "ரைட் ஆஃப் வே"ன்னோ "ரயில்ரோடு போடுறதுக்காக"ன்னோ எழுதியிருந்தா ஈஸ்மெண்ட்டா இருக்க வாய்ப்பு ஜாஸ்தி. ஆனா இதை நீங்களே முடிவு பண்ணாதீங்க, ஒவ்வொரு ஸ்டேட் கோர்ட்டும் ஒவ்வொரு மாதிரி படிக்கும், வெர்மான்ட்ல 1899-ல எழுதின ஒரு டீட் பார்க்க முழு விற்பனை மாதிரியே இருந்துச்சு, கடைசில ஈஸ்மெண்ட்தான்னு கோர்ட் சொல்லிடுச்சு. டைட்டில் இன்சூரன்ஸ் பேப்பர்ல எக்செப்ஷன்னு ஒரு பக்கம் வரும், இதுக்கெல்லாம் இன்சூரன்ஸ் பொறுப்பில்லன்னு சொல்ற லிஸ்ட், வீடு வாங்கினப்போ படிக்காம கையெழுத்துப் போட்டது, அதையும் எடுத்து வச்சுக்கோங்க. கூடவே லைசன்ஸ் உள்ள சர்வேயரை வச்சு நம்ம செலவுலயே ஒரு தடவை அளந்துடுங்க, செலவுதான், ஆனா எல்லைக்கு அடிச்ச இரும்புப் பின் எங்க இருக்குன்னு தெரியாம பேசறதெல்லாம் வெட்டிப் பேச்சு.

இன்னொண்ணு, உங்க டீட்ல "ரயில்வே லைன் வரைக்கும்"னு மட்டும் எழுதியிருந்தா மனசைத் தளர விடாதீங்க. நிறைய ஸ்டேட்ல, ரயில்வேக்கு வெறும் ஈஸ்மெண்ட்தான்னா பக்கத்து நிலத்துக்காரருக்கு அந்த லைனோட நட்டநடு வரைக்கும் நிலம் உண்டுன்னு எடுத்துக்குவாங்க. 100 அடி அகல லைன்னா உங்க பங்கு 50 அடி. சின்ன விஷயம் இல்ல அது.

டிரெய்ல் எந்த வழியா வருதுங்கிறதைப் பொறுத்து ஆட்டம் மாறும். பழைய ரயில்வே லைன் வழியா வர்றதுதான் ரொம்ப சிக்கல், அதைக் கொஞ்சம் விலாவாரியா சொல்றேன்.

1920-ல அமெரிக்கால 2,72,000 மைல் ரயில்வே இருந்துச்சு, 1990-ல கிட்டத்தட்ட 1,41,000 மைல்தான் ஓடுச்சு. கைவிட்ட லைனெல்லாம் துண்டு துண்டா போயிட்டா நாளைக்கு ரயில் வேணும்னா திரும்ப ஒட்ட வைக்க முடியாதேன்னு 1983-ல நேஷனல் டிரெய்ல்ஸ் சிஸ்டம் சட்டத்துல ஒரு திருத்தம் கொண்டு வந்தாங்க. ரயில்பேங்கிங்னு பேரு. லைனைக் கைவிட்டதா கணக்குல எடுக்க மாட்டாங்க, பேங்க்ல போட்டு வச்ச மாதிரி, இப்போதைக்கு டிரெய்லா இருக்கட்டும், வேணும்னா பின்னால ரயில் விட்டுக்கலாம்னு. கைவிடவே இல்லைன்னா ஈஸ்மெண்ட் அத்துப்போகாது, நிலமும் திரும்பாது. கில்லாடித்தனமான சட்டம், ஒத்துக்கணும்.

இதை எதிர்த்துத்தான் வெர்மான்ட்ல பர்லிங்டன் ஊர்ல பிரிசோ தம்பதி கேஸ் போட்டாங்க. சாம்ப்ளெயின் ஏரிக்கரைல வீடு. 1970-லயே ரயில் நின்னாச்சு, 1975-ல தண்டவாளத்தையும் எடுத்தாச்சு, அப்புறம் வாசல் வழியா 8 அடி அகலத்துக்குத் தார்ப்பாதை வந்துச்சு, வெயில் நல்லா அடிக்கிற வார இறுதில மணிக்கு 200 பேர் வரைக்கும் அதுல போனாங்கன்னு கோர்ட் தீர்ப்புலயே இருக்கு. 1990-ல சுப்ரீம் கோர்ட் ஒருமனதா சொன்னது: சட்டம் செல்லும், டிரெய்லை நிறுத்த முடியாது, ஆனா நிலத்தைப் பறிச்ச மாதிரி ஆகுதுன்னா கவர்ன்மெண்ட்கிட்ட காசு கேட்டுத் தனியா கேஸ் போட்டுக்கோ. அவங்களும் விடல, 1996-ல ஃபெடரல் சர்க்யூட் கோர்ட் அது பறிச்சதுதான், நஷ்டஈடு கொடுக்கணும்னு சொல்லுச்சு.

இந்த ரெண்டு தீர்ப்பையும் சேர்த்துப் பார்த்தாதான் விஷயம் புரியும். எங்க தெருல பாதிப் பேர் "டிரெய்லை நிறுத்துவோம்"னு நின்னாங்க, அது கிட்டத்தட்ட நடக்காத காரியம். காசு கிடைக்குமாங்கிறதுதான் கேக்க வேண்டிய கேள்வி, அதுக்கு டெட்லைன் வேற இருக்கு.

அந்த டெட்லைனை நல்லா ஞாபகம் வச்சுக்கோங்க, ஆறு வருஷம். டிரெய்ல் திறந்த நாள்ல இருந்து இல்ல, தார் போட்ட நாள்ல இருந்தும் இல்ல. சர்ஃபேஸ் டிரான்ஸ்போர்ட்டேஷன் போர்டுன்னு வாஷிங்டன்ல ஒரு ஆபீஸ், அவங்க என்ஐடியுன்னு ஒரு நோட்டீஸ் விடுவாங்க, "இடைக்காலத்துக்கு டிரெய்லா யூஸ் பண்ணிக்கலாம், பேசி முடிச்சுக்கோங்க"ன்னு. அது வந்த அன்னைக்கே கடிகாரம் ஓட ஆரம்பிச்சிடும். பக்கத்து வீட்டுக்காரங்க ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா லெட்டர் போட்டுச் சொல்வாங்கன்னு எதிர்பார்க்காதீங்க, லோக்கல் பேப்பர்ல ஒரு மூலைல விளம்பரம் வரும், யாரு படிக்கிறா. எனக்கு வந்த முதல் லெட்டரே சிட்டில இருந்து இல்ல, இந்தக் கேஸுங்களையே பிழைப்பா வச்சிருக்கிற ஒரு லா ஃபர்ம்ல இருந்து. கிரெடிட் கார்டு விளம்பரம்னு நெனச்சுக் குப்பைல போடப் பார்த்தேன். போர்டோட வெப்சைட்ல போய் ரயில்வே கம்பெனி பேரைப் போட்டுத் தேடுங்க, லைனை விடற கேஸுங்களுக்கெல்லாம் "ஏபி"ன்னு ஆரம்பிக்கிற நம்பர் இருக்கும், அதுல நோட்டீஸ் தேதி கிடைக்கும்.

அந்தத் தேதில வீடு யார் பேர்ல இருந்துச்சோ அவங்களுக்குத்தான் காசு கேக்கிற உரிமை. நோட்டீஸ் வந்தப்புறம் நீங்க வாங்கியிருந்தா பழைய ஓனருக்கு லாட்டரி, உங்களுக்கு சைக்கிள் மணிச் சத்தம். நீங்க வித்துட்டு வேற ஊருக்குப் போயிருந்தாலும் தேதி உங்க காலத்துல இருந்தா கேக்கலாம். டிரெய்ல் கடைசி வரைக்கும் போடவே இல்லைன்னாலும் நோட்டீஸே போதும்னு 2010-ல ஒரு தீர்ப்பு இருக்கு.

கேஸ் போடறது ஃபெடரல் கிளெய்ம்ஸ் கோர்ட்ல. நஷ்டஈடு கணக்கு எப்படின்னா, ரயில்வே ஈஸ்மெண்ட் அத்துப்போயிருந்தா உங்க நிலம் சுத்தமா எவ்வளவு பெறுமானம், இப்போ டிரெய்ல் ஈஸ்மெண்ட்டோட எவ்வளவு, அந்த வித்தியாசம். "ஏற்கனவே அங்க ரயில் லைன் இருந்துச்சே, புதுசா என்ன நஷ்டம்"னு கேப்பாங்க, அசராதீங்க. ஜெயிச்சா நியாயமான வக்கீல் ஃபீஸையும் கவர்ன்மெண்டே கொடுக்கணும்னு சட்டம் இருக்கு, இது நிறைய பேருக்குத் தெரியறதில்ல. அதனால லா ஃபர்ம் நீட்டுற அக்ரிமெண்ட்ல கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி, கோர்ட் கொடுக்கிற ஃபீஸும் வாங்கிட்டு நம்ம பங்குலயும் சதவீதம் எடுப்பாங்களாங்கிற அந்த ஒரு பத்தியை மட்டும் ரெண்டு தடவை படிங்க. வாயால சொன்னதெல்லாம் கணக்குல வராது.

மேற்குப் பக்கம், வயோமிங், ஐடஹோ மாதிரி இடத்துல இருந்தா 2014 தீர்ப்பு ஒண்ணு பார்த்து வைங்க. 1875 சட்டத்துல ஃபெடரல் கவர்ன்மெண்ட்டே ரயில்வேக்குக் கொடுத்த லைனுங்க அங்க நிறைய. வயோமிங்ல பிராண்ட்னு ஒருத்தர் குடும்ப டிரஸ்ட்டுக்கு 83 ஏக்கர், நடுவுல அரை மைல் நீளத்துக்குப் பழைய லைன், கவர்ன்மெண்ட் அது எங்களுக்குத் திரும்ப வரணும்னுச்சு. அது வெறும் ஈஸ்மெண்ட், ரயில்வே கைவிட்டதோட முடிஞ்சு போச்சு, நிலம் டிரஸ்ட்டுக்குத்தான்னு 8-க்கு 1 தீர்ப்பு. 1942-ல ஒரு கேஸ்ல இதே கவர்ன்மெண்ட்தான் அது வெறும் ஈஸ்மெண்ட்னு வாதாடி ஜெயிச்சது, அதையே எடுத்துத் திருப்பி அடிச்சாங்க. ஆனா அந்த லைன் ரயில்பேங்க் ஆகல, அதைக் கவனிங்க. ஆகியிருந்தா கதை வேற.

இப்ப ரெண்டாவது வழி. நீங்க கடையையோ வீட்டையோ பெருசாக்க சிட்டிகிட்ட பெர்மிட் கேக்கறீங்க, சிட்டி "தர்றோம், ஆனா பைக் பாதைக்கு ஒரு பட்டை நிலம் எழுதிக் கொடு"ங்குது. இதுக்குப் பாட்டன் கேஸ் ஓரிகன்ல டைகார்ட் ஊர்ல ஃப்ளாரன்ஸ் டோலன் போட்டது. பிளம்பிங் சாமான் கடை, 9,700 சதுர அடியை 17,600 ஆக்கணும்னு கேட்டாங்க. பக்கத்துல ஓடற ஓடையோட வெள்ளப் பகுதியும், அதை ஒட்டி 15 அடி பட்டை பைக் பாதைக்கும் கொடுன்னாங்க, சேர்த்தா மொத்த இடத்துல 10 சதவீதம் வரும். கடை பெருசானா டிராஃபிக் கூடும், பாதை இருந்தா கொஞ்சம் குறையலாம்ங்கிறது சிட்டியோட வாதம். 1994-ல சுப்ரீம் கோர்ட் 5-க்கு 4-ன்னு பிரிஞ்சு தீர்ப்பு கொடுத்துச்சு: "குறையலாம்"னா போதாது, கேக்கறதுக்கும் வர்ற பாதிப்புக்கும் தோராயமாவாவது ஒரு பொருத்தம் இருக்குன்னு சிட்டிதான் காட்டணும், கணக்கு துல்லியமா வேண்டாம், ஆனா கணக்குன்னு ஒண்ணு இருக்கணும்.

இதை நம்ம எப்படி யூஸ் பண்றது? பெர்மிட் கண்டிஷன் லெட்டர் கைல வந்ததும் எழுத்துல கேளுங்க, என் கட்டடத்தால எத்தனை வண்டி கூடும், இந்தப் பட்டை அதுல எவ்வளவைக் குறைக்கும், யார் கணக்குப் போட்டது, அந்த ஸ்டடி எங்க. பதில் வர்ற வரைக்கும் எதையும் எழுதிக் கொடுக்காதீங்க. கண்டிஷனை ஏத்துக்கிட்டுக் கட்ட ஆரம்பிச்சுட்டா அப்புறம் எதிர்க்கறது கஷ்டம், அப்பீலுக்கு ரொம்பக் குறைஞ்ச நாள்தான் இருக்கும். "இது கவுன்சில் போட்ட ரூல்"னு சொன்னா மட்டும் தப்பிக்க முடியாது, 2024-ல கலிஃபோர்னியா கேஸ் ஒண்ணுல அந்த ஓட்டையை அடைச்சாங்க.

மூணாவது, நேரா வந்து விலைக்குக் கேக்கறது, மாட்டேன்னா எமினென்ட் டொமைன், நம்மூர் நில ஆர்ஜிதம் மாதிரிதான். முதல்ல சொல்ற விலை அவங்க அப்ரைசர் (மதிப்பு போடறவர்) சொன்னது, நீங்க தனியா ஒருத்தரை வைங்க. எடுக்கிற பட்டைக்கு மட்டும் இல்ல, மிச்ச நிலத்தோட மதிப்பு குறையறதுக்கும் கேக்கலாம், செப்டிக் டேங்க் இடம் போயிடுச்சு, பின்பக்கம் தள்ளி வைக்க வேண்டிய அடி பத்தலைன்னா அதெல்லாம் காசு. டிரெய்லுக்காக எமினென்ட் டொமைன் பண்ணலாமாங்கிறதே ஸ்டேட்டுக்கு ஸ்டேட் மாறும், விசாரிங்க.

வீட்டு முன்னாடி ரோட்டோரமா பைக் லேன் வருதுன்னா, பாவம், பெரும்பாலும் ஒண்ணும் பண்ண முடியாது. நீங்க வருஷக் கணக்கா வெட்டி உரம் போட்ட அந்தப் புல்லு, சைட்வாக்குக்கும் ரோட்டுக்கும் நடுவுல இருக்கிறது, அநேகமா சிட்டியோட ரைட் ஆஃப் வேலதான் இருக்கும். பழைய தெருவெல்லாம் 66 அடின்னு இருக்கும், சர்வே சங்கிலி ஒண்ணோட நீளம், நம்மூர் பழைய நில அளவைலயும் இதே சங்கிலிதான். மெயில்பாக்ஸும் ஸ்பிரிங்க்ளரும் போனா மாத்திக் கொடுப்பாங்களான்னு மட்டும் கேட்டு வைங்க.

பப்ளிக் மீட்டிங்குக்குப் போங்க, கட்டாயம் போங்க. எங்க மீட்டிங்ல மூணு நிமிஷம்தான் ஒருத்தருக்கு, முதல் பதினோரு பேர் "திருடன் வருவான், பிள்ளைங்களுக்கு ஆபத்து"ன்னே முடிச்சாங்க, இன்ஜினியர் தலையை ஆட்டிக்கிட்டே போன் பார்த்துக்கிட்டிருந்தார். அடுத்து ஒரு ரிட்டயர்டு அம்மா எழுந்து, பிளான்ல ஒரு இடத்தைக் காட்டி, இங்க பாதையை ஒன்றரை அடி உயர்த்தறீங்க, மழைத்தண்ணி எங்க பேஸ்மெண்ட் பக்கம் திரும்பும், தண்ணி பாதைக்கு அடில போக கல்வெர்ட் எங்கன்னு கேட்டாங்க. அவர் போனைக் கீழ வச்சார். அடுத்த டிராயிங்ல கல்வெர்ட் இருந்துச்சு.

நிறுத்த முடியாதுன்னு ஆனப்புறம் கேக்க வேண்டியது நிறைய இருக்கு, இதுலதான் நம்மாளுங்க கோட்டை விடறோம். பாதையை லைனோட நடுவுல போடாம எதிர்ப்பக்கம் தள்ளிப் போட முடியுமா, வீட்டுப் பக்கம் மரம் வைப்பாங்களா, எத்தனை அடி உயரத்துல நடுவாங்க (ரெண்டடி கன்னு வச்சுட்டு அது வளர்ற வரைக்கும் நம்ம கிச்சன் எல்லாருக்கும் சினிமா), விளக்கு போட்டா வெளிச்சம் பெட்ரூம்ல அடிக்காம மறைப்பு, மோட்டார் வண்டி கிடையாது, ஈ-பைக் எந்த வகை வரைக்கும், குப்பைத்தொட்டி யார் எடுப்பா. விரும்பி ஈஸ்மெண்ட் எழுதிக் கொடுக்கறீங்கன்னா இதெல்லாம் அந்த டாக்குமெண்ட்லயே வரணும், எத்தனை அடி அகலம், எதுக்கு, டிரெய்லை மூடிட்டா உரிமை நமக்குத் திரும்பும்ங்கிற வரி, எல்லாம். யாராவது விழுந்து கேஸ் போட்டா நம்ம தலைல வருமாங்கிற பயம் நியாயமானது, 50 ஸ்டேட்லயும் பொழுதுபோக்குக்காக நிலத்தை இலவசமா திறந்து விடறவங்களுக்குப் பாதுகாப்புச் சட்டம் இருக்கு, ஆனாலும் சிட்டியோட இன்சூரன்ஸ்ல உங்க பேரையும் சேர்க்கச் சொல்லுங்க.

எங்க கதை என்ன ஆச்சுன்னா, எங்க வீட்டுக்குப் பின்னாடி இருந்த துண்டு, முழுசா வித்தது. பைசா கிடையாது. மூணு வீடு தள்ளி ஈஸ்மெண்ட், அவங்களுக்குச் செக் வந்துச்சு. ஒரே ரயில், ஒரே புதர். அதோட எங்களுக்கு மட்டும் கூடுதலா ஒரு லெட்டர், ஆக்கிரமிப்பை 30 நாள்ல எடுன்னு. ஆக்கிரமிப்புன்னா அம்மாவோட பந்தல்தான். "இத்தனை வருஷமா நாங்கதான் பராமரிச்சோம்"னு அனுபவ பாத்தியம் பேசலாமான்னு கேட்டேன், வக்கீல் சிரிச்சுட்டார், கவர்ன்மெண்ட் நிலத்துல அதெல்லாம் பொதுவா எடுபடாது. காய் பறிச்சு முடிக்கிற வரைக்கும் டைம் கொடுங்கன்னு சிட்டிக்கு ஒரு ஈமெயில் போட்டேன், அக்டோபர் வரைக்கும் கொடுத்தாங்க, கேட்டா கொடுக்கத்தான் செய்யறாங்க.

கடைசியா கேட் விஷயம். வேலி போடும்போதே நம்ம பேக்யார்ட்ல இருந்து டிரெய்லுக்குப் போக ஒரு கேட் கேட்டு வாங்கிடுங்க, மீட்டிங்ல அதிகமா கத்தினவர்தான் எங்க தெருல முதல் ஆளா கேட் வச்சார். ஆனா சிட்டி கொடுக்கிற பெர்மிட் பெரும்பாலும் வெறும் அனுமதிதான், எப்ப வேணா திரும்ப எடுத்துக்கலாம், வீட்டை வித்தா புது ஓனருக்கு வராமலும் போகலாம். எழுத்துல, உங்க நிலத்தோட சேர்ந்து போற ஈஸ்மெண்ட்டா, கவுண்டில பதிவு பண்ணி வாங்கப் பாருங்க. அதாவது இந்தத் தடவை வழிநடைப் பாத்தியம் கேக்கறது நீங்க. எங்களுக்குப் பெர்மிட்தான் கிடைச்சுது, வருஷா வருஷம் ரினியூ பண்ணிக்கிட்டிருக்கேன்.